பதறாத நெஞ்சு

தவசிமுத்துவின் இதயம் இனி நிமிடத்துக்கு எண்பத்திரண்டு முறைக்கு மேல் துடிக்காது என்று மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த மறுநாளே, உப்பாற்றுத்துறை தீயணைப்பு நிலையத்தில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இடது மார்புக்குள் சீர்த்துடிப்பி என்ற கருவி இருந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு. வேலை கூடினால் அது துடிப்பைக் கூட்டாது; ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைக் கூடுதலாகத் தள்ளும். படியேறலாம், குழாயை இழுக்கலாம், ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். இதயக் கோளாறால் ஆறு மாதம் கல்யாண மண்டபங்களுக்குத் தடையின்மைச் சான்று எழுதிக் காலம் தள்ளிய மனிதருக்கு அது மறுபிறவி மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் தீக்குள் போனவர்களை வெளியே வரச் சொல்லி எந்த அதிகாரியும் கத்துவதில்லை. அந்த வேலையை நாடிப்பலகை பார்த்துக்கொண்டது. புகையில் கருவிகள் குருடாகிவிடும். ஆனால் அனுபவப்பட்ட தீயணைப்பாளனின் நெஞ்சு, கூரை விழுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே பதறத் தொடங்கிவிடும். ஏன் பதறுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த பலகை எல்லாருடைய துடிப்பையும் கேட்டுக்கொண்டிருந்து, யார் நெஞ்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று வருடக்கணக்கில் கற்று வைத்திருந்தது. ஆபத்து என்று கண்டால் தலைக்கவசத்துக்குள் பின்வாங்கொலி கேட்கும். உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பதினோரு வருடமாக அந்த மாவட்டத்தில் ஒரு தீயணைப்பாளர்கூடச் சாகவில்லை.

பலகை மிக அதிகமாக மதித்தது தவசிமுத்துவின் நெஞ்சைத்தான். இருபத்தாறு வருடத் தீயைப் பார்த்த நெஞ்சு. அது துள்ளினால் மற்றவர்களின் கணக்கைப் பார்க்காமலே பலகை மொத்தக் குழுவையும் வெளியே இழுத்துவிடும். அது அமைதியாக இருந்தால் மற்றவர்களின் பதற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

மருத்துவச் சான்றில் இதயம் ஆரோக்கியமா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று எழுதியிருந்தார்கள். அந்த இதயத்துக்கு இன்னும் பயப்படத் தெரியுமா என்று கேட்க அதில் இடமில்லை.

திரும்பி வந்தபின் முதல் தீ ஒரு மீன்தூள் ஆலையில். உள்ளே போன சற்று நேரத்தில் தவசிமுத்துவுக்கு நாக்கு வறண்டது, கையுறைக்குள் விரல்கள் சில்லிட்டன. மேலே இரும்புச் சட்டம் முனகிற்று. ஆனால் நெஞ்சு மட்டும், பக்கத்து வீட்டுக்காரன் நெஞ்சைப்போல, தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒலி வரவில்லை. அதனால் நின்று வேலை பார்த்தார்கள். இரண்டு தொழிலாளிகளை உயிரோடு தூக்கி வந்தார்கள். அடுத்தது ஓர் எண்ணெய்க் கிடங்கு. அங்கேயும் ஒலி வரவில்லை, வழக்கமான நேரத்தில் பாதியிலேயே தீ அடங்கிவிட்டது. தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

குழாய் முனையை எப்போதும் பிடிப்பவன் கிளாட்வின். முப்பத்தொரு வயது. தவசிமுத்துவின் முதுகிலிருந்து ஒரு கை தூரத்துக்கு அப்பால் போகமாட்டான். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அண்ணாச்சி, நீங்க திரும்பி வந்ததுல இருந்து பலகை ஒரு தடவகூட நம்மளக் கூப்பிடலியே. கவனிச்சியளா?"

"சின்னத் தீதானல ரெண்டும்" என்றார் தவசிமுத்து.

அவன் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். அன்று மதியம் தவசிமுத்து, நெஞ்சு பதறாததைச் சொல்லிவிடலாம் என்று, நிலைய அலுவலர் மகேஸ்வரியின் அறைவரை நடந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்: அவர் துடிப்பைப் பலகையிலிருந்து கழற்றுவார்கள், துடிப்பில்லாத ஆளுக்குத் தீக்குள் இடமில்லை, மறுபடி கல்யாண மண்டபங்கள். மகேஸ்வரி நிமிர்ந்து பார்த்து என்ன விஷயம் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைக்குத் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள், புதன்கிழமை பதினோரு மணிக்கு மின்கல மனையில் தீப்பிடித்தது. காற்றாலைகளின் மின்சாரத்தையெல்லாம் சேமித்து வைக்கும் இடம் அது. உப்பளத்துக்கு நடுவே தகரக் கொட்டகை, உள்ளே ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக மின்கல அடுக்குகள். நான்கு பேர் உள்ளே போனார்கள். தவசிமுத்து முன்னால், கிளாட்வின் அவர் பின்னால், இன்னும் இருவர் வாசலையொட்டி.

மூன்றாவது வரிசையைத் தாண்டியதும் தவசிமுத்து அதைப் பார்த்தார். மின்கலங்கள் வெடிக்குமுன் கசியும் வெள்ளை ஆவி, மேலே எழும்பாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பழைய நெஞ்சாக இருந்தால் அந்தக் கணமே எகிறியிருக்கும். இப்போது தொடை நடுங்கியது, கண் ஓரம் இருட்டிக்கொண்டு வந்தது, மார்பு மட்டும் அசையவில்லை.

போ என்று வாயால் சொன்னால் போதும். ஆனால் பதினோரு வருடமாக அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை. அதை எப்போதும் பலகைதான் சொல்லியிருக்கிறது. அவர் ஒலிக்காகக் காத்து நின்றார். அது வராது என்று உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் காத்து நின்றார்.

"அண்ணாச்சி, போயிருவமா?" என்றான் கிளாட்வின்.

"பலகை சொல்லலியே."

கிளாட்வின் ஓடவில்லை. அவர் சொல்லை நம்பி நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அடுக்கு அந்தப் பக்கம்தான் வெடித்தது. தவசிமுத்துவைக் காப்பாற்றியது அவர் நகராமல் நின்றதுதான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தவசிமுத்து எதையும் மறைக்கவில்லை. மீன்தூள் ஆலையிலிருந்து தொடங்கி அலுவலர் அறையில் சொல்லாமல் திரும்பி வந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பின்பு பதிவைத் திரையில் ஓடவிட்டார்கள். மேலே ஒரு நேர்கோடு, எண்பத்திரண்டு, வெடித்த கணத்திலும் எண்பத்திரண்டு. கீழே கிளாட்வினின் கோடு நூற்று அறுபத்தெட்டில் தவித்துக்கொண்டிருந்தது.

"நான் பயந்துபோய்த்தான் நின்னேன் அம்மா" என்றார் தவசிமுத்து.

"பதிவுல அப்படி எதுவும் இல்லையே" என்றார் தலைவராக இருந்த அம்மாள், கனிவோடுதான்.

உடன் இருந்தவனை இழந்தவர்கள் தம்மேல் பழியை இழுத்துப் போட்டுக்கொள்வது இயல்பு என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினார்கள். பலகையின் கணக்குப்படி அந்தத் தீயில் அபாயம் குறைவு. மரணத்துக்குக் காரணம்: பணியாளரின் தனிப்பட்ட பதற்றம், இடம்விட்டு நகர்ந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை. தவசிமுத்து தலைமையேற்ற குழுக்கள் தேவையில்லாமல் பின்வாங்குவதில்லை, தீயை விரைவில் அடக்குகின்றன. ஆகவே எல்லாக் குழுத் தலைவர்களுக்கும் சீர்த்துடிப்பி பொருத்துவது பற்றி அரசு ஆலோசிக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் அந்த மாவட்டத்திலேயே ஒன்பது பேர் அந்த அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பணியில் உயிர்விட்டவர்களுக்காக நிலைய வளாகத்தில் நட்டிருந்த கல்லில் கிளாட்வினின் பெயர் ஏறவில்லை.

தவசிமுத்து அவன் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி ஜெபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அறிக்கை மேசைமேல் கிடந்தது. படித்துவிட்டிருந்தாள். அவர் விசாரணையில் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னார். கிளாட்வின் பதறியதுதான் சரி, பதறாத தன் நெஞ்சுதான் அவனைக் கொன்றது என்றார்.

ஜெபா சமையலறைச் சுவரைக் காட்டினாள். தீயணைப்பாளர் வீடுகளில் எல்லாம் இருக்கும், குழுவினரின் துடிப்பைக் காட்டும் சிறிய துடிப்புத்திரை அங்கே அணைந்து கிடந்தது.

"அன்னைக்கு அதுல இவுக எண்ணு ஏறிக்கிட்டே போச்சு. நூத்தி அம்பது, நூத்தி அறுபது. எனக்குக் கை கால் ஓடல. பொறவு ஒங்க எண்ணப் பாத்தேன். எம்பத்திரெண்டு. அண்ணாச்சி அமைதியா இருக்காக, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டு உலையில அரிசியப் போட்டேன்."

தவசிமுத்துவால் உட்கார முடியவில்லை. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடம்பெல்லாம் ஆடிச்சு தாயி. சத்தியமாச் சொல்லுதேன். இப்பவும் ஆடுது."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தீயணைப்பாளன் மனைவி, நாடி பார்க்கத் தெரிந்தவள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் எண்ணினாள். எண்பத்திரண்டு. பிறகு அந்தக் கையை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"எனக்குத் தெரியலியே அண்ணாச்சி" என்றாள்.