காற்றில் வெட்டிய இடம்

சுவரோரம் வரவேண்டிய சிவப்பு நிறம், அறையின் நடுவில், வெறும் காற்றில் வந்திருந்தது.

ஷாந்தினி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். ஒரு வாரமாகப் புகைமூட்டம். அவள் மேசையோர ஜன்னலுக்கு வெளியே பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளின் கூரைகள் சாம்பலில் கரைந்து கிடந்தன. அடைத்த கண்ணாடியையும் தாண்டி வந்த கருகிய வாடை நாக்கில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தாலும் போக மறுத்தது. விடியுமுன் வீட்டருகே தங்கா பத்துவில் பஸ் ஏறியதிலிருந்தே கண் எரிச்சல். ஆபிஸில் வேலையை விட்டுப் போன ஒருவரின் வேலையும் அவள் தலையில்தான். இப்போதெல்லாம் தூங்கி எழுந்தாலும் சோர்வு கூடவே எழுந்துகொள்கிறது.

அவளுடைய கம்பெனி சின்னது. ஆஸ்பத்திரி அறைகளில் காற்று எப்படிச் சுற்றும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு முதலில் அறையிலுள்ள காற்று முழுவதையும், இண்டு இடுக்கு விடாமல், நான்முகிகளால் நிரப்ப வேண்டும். நான்கு முக்கோணங்கள் கூடிய சின்னச் சின்னத் துண்டுகள்; அவற்றின் பின்னலுக்கு வலை என்று பெயர். திறந்த வெளியில் அவை பெரிதாக இருக்கும். சுவர், மேசை என்று திடமான எதையாவது நெருங்கினால் பொடிப்பொடியாகும். ஒழுங்கான உருவத்தில் இருந்தால் பச்சை. காலில் மிதித்த காகிதப்பெட்டி மாதிரி நசுங்கிப்போனால் சிவப்பு. சிவப்பை விட்டுவைத்தால் கணக்கு பாதியில் வெடித்து நின்றுவிடும். அதைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதுதான் ஷாந்தினியின் வேலை.

புது மென்பொருள் வந்தால் முதலில் சொந்த ஆபிஸிலேயே ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். முதலாளி நகுலன் தானே அளவெடுத்து வரைந்திருந்தார். ஜன்னல், கதவு, நகலெடுக்கும் இயந்திரம், மேசை நாற்காலி. நடுவில் ஒன்றுமில்லை. கார்ப்பெட் மட்டும்.

வெள்ளிக்கிழமை. மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து மேசை காளிதாஸ், இந்த ஆபிஸில் காற்றே கிடையாது, இல்லாத காற்றுக்கு எதற்கு வலை பின்னுகிறாய் என்று கிண்டலடித்துவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பினான். வருகிறாயா என்று கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

போக முடியாது. அவள் சரிபார்த்து அனுப்பிய வலை போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணெதிரே வெடித்தது. நகுலன் திட்டவில்லை. அடுத்த மாதத்தோடு உன் தற்காலிக வேலை முடிகிறது, பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான். அம்மா பெத்தம்மாள் நான்கு தெரு தள்ளி ஒரு தொழிற்சாலையில் இன்னும் நின்றுகொண்டே வேலை செய்கிறாள், வீங்கிய முழங்காலோடு. மகளுக்கு வேலை நிரந்தரமானால் அம்மா வேலையை விட்டுவிடுவதாகப் பேச்சு. இன்றும் நகுலன் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களின் இடத்தில்தான் இருந்தார். தொழுகை முடிந்து எல்லாரும் கூடியதும் இதைத்தான் காட்டப்போகிறார்.

அவள் சிவப்புத் துண்டுகளின் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சுற்றியிருந்தவற்றைத் தளர்த்தி, வலையை மறுபடி போட்டாள். அறை நடுவில் இருந்த சிவப்பு போய்விட்டது. காளிதாஸ் மேசைக்கு முன்னால் வந்திருந்தது.

சரிசெய்தால் சிவப்பு இடம் மாறுவது புதிதில்லை. ஆனால் இது கலைந்து போகவில்லை. மொத்தமாக, அப்படியே, நகர்ந்திருந்தது.

படத்தைத் திருப்பினாள். சிவப்பைச் சுற்றித் துண்டுகள் பொடியாகியிருந்தன. சுவருக்குப் பக்கத்தில் ஆகிற மாதிரி. அங்கே ஏதோ திடமாக இருக்கிற மாதிரி. கீழே குறுகல், மேலே போகப் போக அகலம், அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு சரிவு, சரிவுக்கு மேல் உருண்டையாக ஒன்று.

தோள் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

எழுந்து அந்த இடத்துக்குப் போனாள். கார்ப்பெட். நகலெடுக்கும் இயந்திரத்தின் மெல்லிய உறுமல். ஜன்னல் வெளிச்சம் வெந்த மஞ்சள் நிறத்தில் தரையில் கிடந்தது. கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள். ஒன்றுமில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பி நடக்கும்போது அந்த இடத்துக்கு முதுகைக் காட்டாமல் ஒருக்களித்தே நடந்தாள். நகுலனுக்கு ஃபோன் போட்டாள்.

"பாஸ், ஆபிஸ் நடுவுல தூணு ஏதாச்சும் இருந்துச்சா, முன்ன?"

"இல்ல லா. நாந்தானே அளந்தேன். ஏன்?"

"சிவப்பு போவ மாட்டேங்குது. நகர்ந்துகிட்டே இருக்கு."

பின்னால் கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நகுலன் குரலைத் தாழ்த்தினார்.

"ஷாந்தினி, இவங்க இப்ப உள்ள வந்துருவாங்க. சரியாவலன்னா அந்த இடத்த வெட்டி எடுத்துரு. திடப்பொருள்னு சொல்லிட்டா அங்க வலையே போடாது. சிவப்பும் இருக்காது."

"அங்க ஒண்ணும் இல்லையே பாஸ்."

"இருக்குன்னு சொல்லும்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

அவர் வைத்துவிட்டார்.

இல்லாத பொருளை இருக்கிறதென்று சொல்லக்கூடாது. படித்த காலத்தில் அதுதான் முதல் பாடம். அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. அவள் சிவப்பு முழுவதையும் வளைத்துத் தேர்ந்தெடுத்தாள். வெட்டினாள்.

என்ன வகை என்று மென்பொருள் கேட்டது. சுவர். தளவாடம். ஆள்.

சுவர் என்றாள். வளைவுகள் அதிகம் என்று மறுத்தது. தளவாடம். அதையும் மறுத்தது. கண் எரிந்தது. ஆள் என்பதைத் தட்டினாள். மறு கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

வலை விழுந்தது. ஒரு துளி சிவப்பில்லை. இத்தனை சுத்தமான வலையை அவள் பார்த்ததே இல்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம், அதைச் சுற்றிப் பட்டுத்துணி போர்த்தினாற்போல் பச்சை. அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் நகுலனின் செய்தி வந்தது. அருமை, இவர்களுக்குப் பிடித்துவிட்டது, உன் வேலை நிரந்தரம், அம்மாவிடம் சொல்லிவிடு.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். பல மாதங்களுக்குப் பிறகு தோள்கள் தளர்ந்தன. அம்மாவுக்கு ஃபோன் போட வேண்டும். இந்நேரம் எடுக்க மாட்டாள்.

கண்ணைத் திறந்தபோது கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. குளிர்சாதனத்திலிருந்து நீலக் கோடுகள் இறங்கி, மேசைகள்மேல் வழுக்கி, தரையோடு ஊர்ந்தன. வெற்றிடத்தின் முன் இரண்டாகப் பிரிந்து, பின்னால் சேர்ந்தன. அதன் மேல்பகுதியில், உருண்டையின் முன்பக்கம், மஞ்சளாக ஏதோ கசிந்தது. நின்றது. உள்ளே இழுபட்டது. மறுபடி கசிந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆள் என்று சொன்னால் உடல் சூட்டையும் மூச்சையும் மென்பொருள் தானே கொடுத்துவிடும். ஆஸ்பத்திரி வேலைக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. அதுதான். வேறொன்றுமில்லை.

ஆனால் வெட்டிய இடம் காளிதாஸ் மேசைக்கு முன்னால்.

இது அங்கே இல்லை.

கடைசியாக வலை போட்டபோது மறுபடி நகர்ந்திருக்கிறது. அவள் நிறத்தை மட்டும் பார்த்திருந்தாள். இடத்தைப் பார்க்கவில்லை.

படத்தை மெதுவாகத் திருப்பினாள். ஜன்னல். கதவு. நகலெடுக்கும் இயந்திரம். ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்முன் ஒரு நாற்காலி.

நாற்காலிக்குப் பின்னால். ஒட்டினாற்போல. இடையில் ஒரே ஒரு வரிசை நான்முகி.

மஞ்சள் கசிந்து நாற்காலியின் மேல்விளிம்பைத் தொட்டது.

அவள் பிடரியில் வெதுவெதுப்பு.

மஞ்சள் உள்ளே போனது. பிடரி குளிர்ந்தது.

மறுபடி மஞ்சள். காதோர முடி அசைந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கை மட்டும் விசைப்பலகையைத் தேடிப் போனது. நிறுத்தும் பொத்தான். அழுத்தினாள்.

திரை உறைந்தது. கோடுகள் நின்றன. மஞ்சள் பாதியில் நின்றது.

பிடரியில் நிற்கவில்லை.