மூன்றாவது கம்பி

மாலை 6.52.

"ஐயோ, சங்கிலியைக் காணேல்லை! மாதாவின்ரை கழுத்திலை சங்கிலியைக் காணேல்லை!"

மரினாவின் குரல் லண்டன் வால்தம்ஸ்டோ கோயிலின் பின்னறையிலிருந்து புறப்பட்டு, மண்டபத்தைத் தாண்டி, குசினிவரை வந்து விழுந்தது. டொலறஸ் தேத்தண்ணிக் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

நாளை திருநாள். ஊர்வலத்துக்கு ஆயத்தமாக நீலச் சேலை உடுத்தி நின்ற மாதா சொரூபத்தின் கழுத்து வெறுமையாக இருந்தது. முப்பது குடும்பங்கள் தோடும் மோதிரமும் கொடுத்து உருக்கிச் செய்த சங்கிலி அது. ஆண்டு முழுவதும் பூட்டுக்குள் கிடந்து, இந்த இரண்டு நாள் மட்டும் வெளியே வரும்.

"கடைசியா எப்ப பாத்தனீர்?" டொலறஸ் கேட்டாள்.

"ஆறரைக்கு அக்கா. நான்தானே போட்டுவிட்டனான். பிறகு பூ வெட்டக் குசினிக்கு உங்களிட்டை வந்திட்டன்."

டொலறஸ் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரண்டாவது சரிபார்ப்புச் செய்பவள். மற்றவர்கள் எடுத்துவைத்த மருந்தை லேபிளோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் தன் கண்ணைத் தாண்டிப் பிழையான குளிசை ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று சொல்லுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்! ஐம்பத்துமூன்று வயதில் திடீரென்று கிற்றார் பழகவேண்டும் என்று ஆசை வந்து, எட்டுக் கிழமையாக விரல் நுனிகள் காய்த்துப்போய்த் திரிகிறாள்.

சங்கிலி போன கதைக்கும் அவளுடைய கிற்றார் வகுப்புக்கும் ஒரு தொடுப்பு இருந்தது. அதனால் முக்கால் மணித்தியாலம் பின்னே போகவேண்டும்.

மாலை 6.10.

மண்டபத்தை ஒட்டிய சின்ன அறை. பாடகர் குழுவின் ஒரே கிற்றாரை டொலறஸின் மடியில் வைத்துவிட்டு றொஜன் எதிரே இருந்தான். இருபத்துநாலு வயது, பொறுமையான பிள்ளை. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியராகச் சேரப் போகிறான். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காதுவரை சிரிப்பான்.

"அன்ரி, கிற்றாரிலை கோர்ட் பேர் எண்டது உங்கடை மருந்துப் போத்தல் லேபிள் மாதிரி. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பேரே சொல்லும். வெறும் ஈ எண்டு எழுதினால் ஈ மேஜர். ஈயிலை தொடங்கி எண்ணுங்கோ. முதலாம் சுரம், மூண்டாம் சுரம், அஞ்சாம் சுரம். இந்த மூண்டும் சேர்ந்ததுதான் கோர்ட்."

"பக்கத்திலை சின்ன எம் போட்டால்?"

"மைனர். நடுவிலை இருக்கிற மூண்டாம் சுரத்தை மட்டும் ஒரு கட்டை இறக்கிறது. ஏழு எண்டு போட்டால் ஏழாம் சுரத்தையும் கூடச் சேர்க்கிறது. அவ்வளவுதான்."

"அப்ப மேஜர் சிரிக்கிறதும் மைனர் அழுறதும் அந்த நடுச் சுரத்தாலையோ?"

"ஓம் அன்ரி. முதலாமும் அஞ்சாமும் ஒரு பக்கமும் சாயாது."

டொலறஸுக்கு அது பிடித்துப்போனது. கொப்பியில் ஈ மேஜருக்குக் கம்பி கம்பியாக எழுதிக்கொண்டாள். தடித்த கம்பியிலிருந்து: ஈ, பீ, ஈ, ஜீ ஷார்ப், பீ, ஈ. ஈ மைனருக்குச் சுட்டுவிரலைத் தூக்கினால் ஜீ ஷார்ப் ஜீ ஆகிவிடும், மற்ற ஐந்தும் அசையாது.

நாளைய திருநாள் பாட்டும் இந்த இரண்டில்தான் நின்றது. முதல் வரி ஈ மேஜரில் சிரிக்கும், இரண்டாம் வரி ஈ மைனரில் அழும். பாட்டு கொட்வின் அண்ணையின் மெட்டு. பதினேழு வருடம் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். இந்த வருடம் ஃபாதர் யாக்கோப்பு அதை நடத்தும் பொறுப்பை றொஜனிடம் கொடுத்திருந்தார்.

6.25க்கு டொலறஸ் சுருதி சேர்க்கிறேன் என்று முறுக்காணியைப் பிழையான பக்கம் முறுக்கினாள். டிங்! மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பி அறுந்து சுருண்டது.

"போச்சு! மானம் போச்சு!"

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அன்ரி, கார்லை புதுக் கம்பி கிடக்கு. பார்க்கிங் பெர்மிட் பிரச்சினையாலை காரை நாலு தெரு தள்ளித்தான் விட்டனான். கொஞ்சம் சுணங்கும்."

அவன் வெக்கைக்குக் கழற்றிய ஜாக்கெட்டை மண்டபக் கதிரையில் விட்டுவிட்டு வெளியே போனான். டொலறஸ் வெட்கத்தோடு கிற்றாரைப் பையில் போட்டுச் சிப்பை இழுத்து மூடிவிட்டுக் குசினிக்குப் போனாள். வழியில் கொட்வின் அண்ணை எதிர்ப்பட்டார்.

"அறை வெறுமையோ? குறூப்புக்குப் பாட்டு அடிச்சு அனுப்பவேணும். ஷிப்டிலை நிக்கிற ஆக்கள் பாவம்."

அது வழக்கமான வேலை. சனிக்கிழமை வரமுடியாதவர்களுக்காக அவர் பாட்டை வாசித்து வாட்ஸ்அப் குறூப்பில் போடுவார். 6.47க்குப் பாட்டு வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். டொலறஸும் போட்டாள்.

மாலை 6.55.

றொஜன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். கையில் 3 என்று இலக்கமிட்ட கம்பிப் பைக்கற்.

"என்ன பிரச்சினை? ஏன் எல்லாரும் நிக்கிறியள்?"

"உமக்குத்தான் தெரியும்," என்றார் கொட்வின் அண்ணை. பிறகு பைக்கற்றைப் பார்த்தார். "ஓ, அந்தக் கம்பிக்கோ போனனீர்? நானும் பாத்தனான் மூண்டாவது இல்லை எண்டு. பரவாயில்லை, மிச்ச அஞ்சிலையும் வாசிச்சு அனுப்பிப்போட்டன்."

சனங்களின் பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தன மேசையிலிருந்து எழும்பி வந்த ஃபாதர், எல்லாருடைய பைகளையும் பார்ப்போம் என்றார். மரினா தன் கைப்பையை முதலில் கொட்டினாள். 7.05க்குக் கதிரையில் கிடந்த ஜாக்கெட்டின் உள் பொக்கற்றிலிருந்து மாதாவின் சங்கிலி மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

றொஜன் கதிரையில் அமர்ந்து தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான்.

"நான் எடுக்கேல்லை ஃபாதர். சத்தியமா எடுக்கேல்லை. பொலிசுக்குச் சொன்னால் பள்ளிக்கூடம் என்னை எடுக்காது. நாலு வருஷம் படிச்சதெல்லாம் போச்சு."

"இது முப்பது குடும்பத்தின்ரை பொருள் பிள்ளை. மறைக்க எனக்கு ஏலாது. ஏழரைக்குப் போன் எடுக்கப் போறன்."

டொலறஸுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தன் அவசரக் கையால்தானே பிள்ளை வெளியே போக நேர்ந்தது! கோபம் வந்தால் அவளுக்குப் புத்தி கூர்மையாகிவிடும். அது கடவுள் கொடுத்த வரம், பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

"ஏழரை வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ ஃபாதர்."

முதலில் ஃபாதரிடமே கேட்டாள்.

"ஆறரையிலை இருந்து எங்கை இருந்தனீங்கள்?"

"பாவசங்கீர்த்தனம் கேட்டனான். முன்னாலை நாலு பேர் வரிசையிலை நிண்டவை."

"மரினா?"

"உங்களோடைதானே அக்கா. பூச்சாடி எடுக்க ஒருக்கா மட்டும் வெளியிலை போனனான், ஆறு நாப்பதுக்கு. சாடியோடை உடனை வந்திட்டன்."

"அப்ப ஆரையும் கண்டனீரோ?"

"ஒருத்தரையும் காணேல்லை. சின்ன அறைக் கதவு பூட்டிக்கிடந்தது. உள்ளுக்குக் கிற்றார்ச் சத்தம் கேட்டது. திருநாள் பாட்டு."

"கொட்வின் அண்ணை?"

"அதுதானே மரினாவே சொல்லிப்போட்டா. உள்ளுக்கு வாசிச்சுக்கொண்டு இருந்தனான். குறூப்பைப் பாரும், நேரமும் கிடக்கு."

டொலறஸ் சின்ன அறைக்குப் போனாள். அதற்கு இரண்டு கதவு. ஒன்று மண்டபத்துக்கு, மற்றது பின்னறைக்கு. கிற்றார்ப் பை மூலையில் சாய்ந்து கிடந்தது. சிப்பைத் திறந்தாள். ஐந்து கம்பி. சுருண்ட மூன்றாவது கம்பி இன்னும் முறுக்காணியில் தொங்கியது.

ஐந்து கம்பியில் வாசிக்க முடியாதா? முடியும். பழைய ஆட்கள் நாலு கம்பியிலும் வாசிப்பார்கள். அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை என்று அவள் மனம் சொன்னது. ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் விடவில்லை. லேபிளைப் பார்த்தது போதாது, உள்ளே இருப்பதைப் பார்க்கவேண்டும்.

போனை எடுத்து, தான் கைகூப்பிய அந்தப் பாட்டை முதல் தடவையாகக் காதில் வைத்தாள்.

முதல் வரி. இரண்டாம் வரி. மீண்டும் ஒருமுறை. பிறகு கொப்பியைத் திறந்து எட்டுக் கிழமைக் கோழிக்கிறுக்கலில் விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அடி சக்கை!" என்றாள் வாய்விட்டு.

மாலை 7.26.

ஒத்திகைக்கு வந்த பாடகர் குழு மண்டபத்தை நிறைத்திருந்தது. இருபது பேரும் றொஜனைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் போனைக் கையில் வைத்திருந்தார். டொலறஸ் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்வின் அண்ணையின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, இதிலைதானே வாசிச்சனீங்கள்?"

"ஓம். எத்தினை தரம் சொல்லுறது?"

"இந்த அஞ்சு கம்பியிலை?"

"ஓம் எண்டிறன்!"

"அப்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. முழுப் பாட்டும் வேண்டாம். முதல் வரிக்கு ஈ மேஜர், இரண்டாம் வரிக்கு ஈ மைனர். எல்லாரும் கேக்கட்டும்."

"இதென்ன விசர்க்கதை?"

"வாசியுங்கோ கொட்வின்," என்றார் ஃபாதர்.

அவர் வாங்கினார். விரல்களை வைத்து ஈ மேஜரைத் தடவினார். கணீரென்று வந்தது. சுட்டுவிரலைத் தூக்கி ஈ மைனரைத் தடவினார். அதே சத்தம் வந்தது. அவர் அவசரமாகத் திரும்ப மேஜருக்குப் போனார், மைனருக்கு வந்தார். ஒரு மயிரளவு வித்தியாசமும் இல்லை.

"இப்ப இதைக் கேளுங்கோ," என்று டொலறஸ் குறூப்புப் பாட்டை உரக்கப் போட்டாள். முதல் வரி பளிச்சென்று சிரித்தது. இரண்டாம் வரி கலங்கி அழுதது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் வித்தியாசம்.

"ஈ மேஜருக்கும் ஈ மைனருக்கும் நடுவிலை ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், மூண்டாம் சுரம். நாங்கள் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சால் அந்தச் சுரம் ஆறு கம்பியிலை ஒரே ஒரு கம்பியிலைதான் இருக்கு. மூண்டாவது கம்பியிலை. மிச்சமெல்லாம் ஈயும் பீயும். நான் அந்தக் கம்பியை அறுத்தது ஆறு இருபத்தைஞ்சுக்கு. அதுக்குப் பிறகு இந்தக் கிற்றார் சிரிக்கவும் ஏலாது, அழவும் ஏலாது. அப்ப இந்தப் பாட்டிலை சிரிச்சது எந்தக் கிற்றார் அண்ணை?"

கொட்வின் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தச் சுரத்தை வேறை இடத்திலையும் பிடிக்கலாம்."

றொஜன் தலை நிமிர்ந்தான். அந்த மாலையில் முதல் தடவையாக அவன் குரல் திடமாக வந்தது. "ஓம், பிடிக்கலாம். முதலாவது கம்பியிலை ஒரு இடம் இருக்கு. எங்கை எண்டு காட்டுங்கோ அங்கிள்."

அங்கிளின் விரல்கள் கம்பியில் மேலும் கீழும் ஊர்ந்தன. அவர் கீபோர்ட்காரர். கிற்றாரில் தெரிந்தது பழகிய நாலைந்து பிடி மட்டும். எங்கே தொட்டாலும் பிழையான சுரம் கீச்சிட்டது. கடைசியில் கையை எடுத்துவிட்டார்.

"நான் சொல்லட்டோ?" டொலறஸ் நிறுத்தவில்லை. "பாட்டை வீட்டிலை வேறை ஒரு கிற்றாரிலை முதலே பதிஞ்சு வைச்சிருந்தனீங்கள். சின்ன அறையிலை போன்லை அதைப் போட்டுவிட்டிட்டு மற்றக் கதவாலை பின்னறைக்குப் போனீங்கள். மரினா கேட்டது அந்தப் போனை. சங்கிலியைக் கழட்டி, ஆளில்லாத நேரம் பாத்து, தம்பியின்ரை ஜாக்கெட்டுக்குள்ளை போட்டனீங்கள். வந்து பாட்டை அனுப்பினீங்கள். கிற்றார்ப் பையை நீங்கள் திறக்கவே இல்லை. கம்பி அறுந்தது உங்களுக்கு எப்ப தெரியும்? பிள்ளை பைக்கற்றோடை வந்து நிக்கேக்கைதான்! ஒருத்தரும் கேக்கமுதல் அஞ்சிலை வாசிச்சனான் எண்டு நீங்களே சொன்னீங்கள். நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை?"

"ஃபாதர்," என்றார் கொட்வின் அண்ணை. குரல் உடைந்தது. "பதினேழு வருஷம். ஒரு வார்த்தை கேக்காமல் என்ரை பாட்டை இவனிட்டைக் குடுத்திட்டியள். சங்கிலி எனக்கு வேண்டாம். இவன் இந்தக் கோயிலை விட்டுப் போகவேணும், அவ்வளவுதான்."

"உங்கடை கவலையை என்னட்டை வந்து சொல்லியிருக்கலாம்," என்றார் ஃபாதர். "பிள்ளையின்ரை சீவியத்தை அழிக்கப் பாத்தியளே! எப்பிடி மனம் வந்தது?"

கொட்வின் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு ஒரு பக்கமாகப் போய் இருந்தார்.

ஃபாதர் யாக்கோப்பு போனைப் பொக்கற்றில் போட்டுவிட்டு, இருபது பேருக்கும் கேட்கும்படியாகப் பேசினார். "றொஜன், நான் பிழையாய் நினைச்சிட்டன். எல்லாருக்கும் முன்னாலை உம்மைக் கள்ளனாக்கினனான், எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன். பள்ளிக்கூடம் உம்மைப் பற்றிக் கேட்டால் நானே என்ரை கையாலை எழுதித் தாறன்."

மரினாதான் முதலில் கைதட்டினாள். பிறகு மண்டபமே தட்டியது. றொஜன் எழும்பி வந்து டொலறஸைக் கட்டிப்பிடித்தான். அவன் அழுதான், சிரித்தான், எது முதலில் என்று அவனுக்கே தெரியவில்லை. டொலறஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாகப் பிழை பிடித்ததற்கு ஒருநாளும் ஒருவரும் கைதட்டினதில்லை.

"அன்ரி, நானே அந்தப் பாட்டைக் கேட்டுப் பாக்கேல்லை. எட்டுக் கிழமையிலை நீங்கள் பிடிச்சிட்டியள்."

"நீர் சொல்லித் தந்ததை நான் எண்ணிப் பாத்தன், அவ்வளவுதான். அழுதது காணும். திங்கட்கிழமை போடுறதுக்கு நல்ல சேட் இருக்கோ?"

"இருக்கு அன்ரி."

"அயர்ன் பண்ணி வையும்," என்றாள் டொலறஸ்.