செலோரேப்பில் ஒரு பெருவிரல்

திங்கட்கிழமை, காலை எட்டேகால்.

ரிஷானி வேலையில் சேர்வதற்கு முன்பே அந்த வேலை கையைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தச் செய்தி சுவிஸின் வின்டர்தூர் பொலிஸ் நிலையத்தில் கோபிஷாவின் மேசைக்கு வந்தபோது, அவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. துப்பறியும் பிரிவில் இருக்கும் ஒரே தமிழ்ப் பிள்ளை அவள். தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால் போதும், கோப்பைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டிவிடுவார்கள். அலுத்துப் போயிருந்தது அவளுக்கு.

இந்த நாட்டில் ஆசிரியராக வருகிறவர்களிடம் குற்றப்பதிவுச் சான்றிதழ் கேட்பதுதான் வழக்கம், கைரேகை கேட்பதில்லை. ஆனால் ரிஷானி விண்ணப்பித்த தனியார் பள்ளிக்குத் தலைமையகம் வெளிநாட்டில். பிள்ளைகளோடு பழகப்போகிறவர் பத்து விரலையும் பதிந்தே ஆகவேண்டும் என்பது அவர்களின் விதி. அவளும் சிரித்த முகத்தோடு பொலிஸில் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். கணினி அவளுடைய வலது பெருவிரலைப் பழைய களவுக் கோப்பொன்றில் பிடித்துக்கொண்டது.

நாலு வருடத்துக்கு முந்திய களவு அது. சிவநேசன் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ பால்கனிக் கதவுக் கண்ணாடியை உடைத்து, மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகை முழுவதையும் அள்ளிப் போயிருந்தார்கள். ஞாயிறன்று வெறும் போத்தலைத் தொட்டியில் போட்ட சத்தத்துக்கே பக்கத்து வீட்டார் பொலிஸுக்குப் போன் அடிக்கிற நாடு இது. ஆகவே கள்ளன் கண்ணாடி மேல் பெட்டி ஒட்டுகிற மண்ணிறச் செலோரேப் நாடாவை ஒட்டிவிட்டு, அலுங்காமல் குலுங்காமல் உடைத்திருந்தான். அதன் பசைப்பக்கத்தில் ஒரேயொரு பெருவிரல் ரேகை. இத்தனை காலமும் ஆருடையதென்று தெரியாமல் கிடந்தது.

"அந்த வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான். வீடும் தெரியும், பயணமும் தெரியும். இன்னும் என்ன வேண்டும்?" என்றார் மேலதிகாரி ஹூபர், சுவிஸ் ஜெர்மனில். "பள்ளி புதன்கிழமை வரைக்கும்தான் இடத்தை வைத்திருக்குமாம். முடித்துவிடு."

கோபிஷா அந்தக் காலத்துப் படங்களை எடுத்துப் பார்த்தாள். செலோரேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. முதல் துண்டின் தொடக்கம் நகமளவுக்கு மடிந்திருந்தது. ரேகை அந்த மடிப்பை ஒட்டியே கிடந்தது. மற்றத் துண்டுகளில் ரப்பர் கையுறையின் தடம் மட்டும். துண்டுகளின் அறுந்த ஓரங்கள் எலி கடித்ததுபோல் இருந்தன.

"சனியன்," என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

காலை பத்தரை. ரிஷானியின் வீடு. தாய் பரமேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

"களவு போன ஞாயிற்றுக்கிழமை எங்க நிண்டனீர்?" என்று ரிஷானியிடம் கேட்டாள் கோபிஷா.

"நினைவில்லை அக்கா. நாலு வருசம். ஆருக்கு நினைவிருக்கும்?"

"சிவநேசன் அங்கிள் வீட்டுப் பால்கனிக்குப் போனனீரோ?"

"ஒருநாளும் இல்லை. அவையின்ர மகன் யதுசனுக்குக் குசினி மேசையில வச்சுத்தான் படிப்பிச்சனான்."

"அப்ப உம்மட விரல் எப்பிடி அங்க போனது?"

"அதைத்தான் நானும் யோசிச்சு யோசிச்சு விசராகிறன்." ரிஷானி அழவில்லை. அழுது முடித்த கண்களாக இருந்தன. "இரண்டாம் வகுப்புத் தாறம் எண்டவை அக்கா. பிள்ளையளின்ர பேரெல்லாம் பாடமாக்கி வச்சிட்டன்."

"வீட்டில செலோரேப் இருக்குதோ?"

மேசை லாச்சியிலிருந்து ஒரு ரோல் வந்தது. அதன் நுனி நகமளவுக்கு மடிந்திருந்தது.

"இதை ஆர் மடிச்சது?"

"நான்தான். இல்லாட்டி அடுத்தமுறை நுனியைத் தேடிச் சுரண்டிக்கொண்டிருக்கவேணும்."

பரமேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது மெல்லிசு பிள்ளை. நல்ல ரோல் ஒண்டு வச்சிருந்தனான், மண்ணிறம். அதைத் துஷாந்தன் கையோட கொண்டுபோயிட்டார். என்ர தங்கச்சியின்ர மனுசன். ஊருக்குக் கார்கோ பெட்டி எடுக்கிறவர். ரிஷானி அந்த ரோலால பெட்டியைக் கட்டி முடிச்சு வைக்க, அடுத்த வீட்டுக்கு வேணும் எண்டு தூக்கிக்கொண்டு போனார். எங்கட வீடுதான் அண்டைக்குக் கடைசி. அடுத்த வீடு எங்க இருக்குது எண்டு பகிடி பண்ணினனான்! நாளைக்குத் தாறன் எண்டவர், அந்த நாளை இன்னும் வரேல்ல. கத்தரிக்கோல் குடுத்தாலும் வாங்கமாட்டார். பல்லாலதான் கடிச்சுப் பிய்ப்பார்."

கோபிஷா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது எப்ப அன்ரி?"

"மறப்பனோ? அடுத்த நாள்தானே சிவநேசன் வீட்டில களவு போனது. அந்தப் பதற்றத்தில நானும் ரோலைக் கேக்கேல்ல."

"சிவநேசன் அங்கிள் ஊருக்குப் போக முந்திப் பெட்டி அனுப்பினவரோ?"

"பின்னை? கப்பலில போறதெண்டால் முதலே அனுப்பினால்தானே போய் இறங்கேக்க பெட்டியும் வரும். வின்டர்தூரில எல்லாற்றை பெட்டியும் துஷாந்தன்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கைகள் கதிரையைத் தேடின.

"இருங்கோ அன்ரி," என்றாள் கோபிஷா. சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எந்த வீடு எப்ப வெறுமையாக் கிடக்கும் எண்டு பெட்டி எடுக்கிறவருக்குத் தெரியும். கையுறை போட்ட கையால செலோரேப் நுனியைக் கிளப்ப ஏலாது. மடிச்ச நுனியெண்டால் லேசா வரும். ரிஷானி மடிச்சு விட்டதைப் பிடிச்சுத்தான் இழுத்திருக்கிறார். அதாலதான் முதல் துண்டில மட்டும் இவவின்ர விரல். ரேகை கிடைச்ச சந்தோசத்தில நாங்கள் அறுந்த ஓரத்தைப் பாக்கவேயில்லை. பல்லால கடிச்ச இடம் அது. எச்சில் இருக்கும். துஷாந்தன்தான் அன்ரி."

ரிஷானி தாயைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"சோதிக்கிறதெண்டால் ரோல் அவரிட்டப் போனதெண்டு ஒராள் சாட்சி சொல்லவேணும். ரிஷானி சொன்னால் தப்பச் சொல்லுறா எண்டுவினம். நீங்கள்தான் சொல்லவேணும். மாட்டன் எண்டாலும் சட்டம் உங்களை ஒண்டும் செய்யாது. தங்கச்சியின்ர மனுசன் எண்டபடியால் சொல்லாமலும் விடலாம்."

"தங்கச்சிக்கு ரண்டும் சின்னப் பிள்ளையள்," என்றாள் பரமேஸ்வரி.

"விடுங்கோ அம்மா," என்றாள் ரிஷானி. "வேற பள்ளிக்கூடம் இருக்குது."

பரமேஸ்வரி கோபிஷாவைப் பார்த்தாள். "இருக்குதோ, பிள்ளை?"

பொய் சொல்லியிருக்கலாம். கோபிஷாவுக்கு அதற்கும் தெம்பில்லை. "இல்லை அன்ரி. எங்க போனாலும் இந்தக் களவு இவவின்ர பேரோட வரும்."

பரமேஸ்வரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எழுதும். தங்கச்சிக்கு நானே போய்ச் சொல்லுறன்."

"அவரைப் பிடிக்கும்வரைக்கும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

"அவள் வேற ஆற்றையும் வாயால கேக்கிறதோ?"

கோபிஷா பேனையை எடுத்தாள். எழுதினாள்.

பிற்பகல் மூன்று மணி. விசாரணை அறை.

"செலோரேப்பை எதால அறுக்கிறனீங்கள் அண்ணை?"

"கத்தரிக்கோலால," என்றார் துஷாந்தன்.

கோபிஷா படத்தை நகர்த்தி, கடிபட்ட ஓரத்தில் விரலை வைத்தாள். "எச்சில் நாலு வருசமெண்டாலும் கிடக்கும். உங்கட வாயில இருந்தும் எடுக்கப்போறம்."

துஷாந்தன் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கடன் கழுத்தை நெரிச்சுது தங்கச்சி. அந்தப் பிள்ளையின்ர விரல் அதில இருந்தது எனக்குத் தெரியாது, கோயிலறிய," என்றார். அவர் அழுததைப் பார்க்கவும் கோபிஷாவுக்கு அலுப்பாக இருந்தது.

புதன்கிழமை, காலை ஒன்பது மணி. பள்ளியிலிருந்து சம்மதம் வந்தது. ரிஷானியின் தொலைபேசி அணைந்து கிடந்ததால், கோபிஷா தாய்க்கு எடுத்தாள்.

"அன்ரி, வேலை கிடைச்சிட்டுது. திங்கட்கிழமை தொடங்கட்டாம்."

மறுமுனையில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ உள்ளே ஒரு குழந்தை, "பெரியம்மா வந்து நிக்கிறா அம்மா," என்று திரும்பத் திரும்பக் கத்தியது.

"எங்க நிக்கிறியள் அன்ரி?"

"தங்கச்சி வீட்டு வாசலில. விடியப்புறம் வந்தனான். இன்னும் திறக்கேல்ல." கொஞ்சம் பொறுத்து, "நீர் ரிஷானிக்குச் சொல்லிவிடும், பிள்ளை. நான் இதில நிக்கிறன்," என்றாள்.