வேண்டாம் என்று சொல்லாதவர்

நினைவு தப்பிக் கிடந்தவரிடம் போலீஸ்காரன் டுவெய்ன் ரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்கும் காகிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். அதுதான் மாய் சீயை முதலில் உறுத்தியது. வாசிப்பது வழக்கம், காத்திருப்பது வழக்கமில்லை.

விஸ்கான்சினில் டிசம்பர் என்றால் சாயங்காலமே இருட்டிவிடும். ஈரக் கம்பளி வாடையும் பிராந்தி நெடியும் கலந்த அவசர சிகிச்சை அறையில், சன்னல் கண்ணாடியில் பனி சரசரவென்று உரசிக்கொண்டிருக்க, பால்பண்ணைக்காரர் வெண்டல் வெளுத்துப்போய்க் கிடந்தார். அவர் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. அறைக்கு வெளியே நடையில் அவர் மனைவி லொரெய்ன், அவர் கண் விழித்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தாள்.

குடித்திருந்தாரா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டிய நர்ஸ் மாய் சீ. உயிர் வெளியே அலையும்போது உடம்பிடம் கேள்வி கேட்கக்கூடாது, வேறேதாவது பதில் சொல்லிவிடும் என்பாள் லாவோஸ் மலையிலிருந்து வந்த அவளுடைய ஹ்மாங் இனத்து அம்மா. அதைச் சொன்னால் டுவெய்ன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"அவருக்குத்தான் காது கேக்கலயே, விடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

"ரோட்டுல வண்டிய எடுத்தப்பவே சரின்னு சொன்னதாத்தான் சட்டம், மாய். வேணாம்னு வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் சரிதான்." விளையாட்டாகக் கட்டில் பக்கம் குனிந்தான். "என்ன பெருசு, ரத்தம் எடுக்கலாமா?"

"எடுத்துக்கோ."

குரல் கட்டிலிலிருந்துதான் வந்தது, ஆனால் வெண்டலின் உதடு அசையவில்லை.

டுவெய்ன் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தான். "பாத்தியா, சம்மதமே குடுத்துட்டாரு."

மாய் சீக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் பழகிய கை தன் பாட்டுக்கு ஊசியைச் செருகியது. குழாய் நிறைந்தது. சில்லென்றிருந்தது ரத்தம்.

சன்னலில் தட்டும் சத்தம்.

வெண்டல். வெளியே. சட்டையில்லாமல். கண்ணாடியில் வாயை ஒட்டிக் கத்துகிறார். கண்ணாடியில் ஆவி படியவில்லை.

"வேணாம்மா. நான் வந்துட்டேன். அதுகிட்ட எதுவும் கேக்காதீங்க."

டுவெய்ன் திரும்பவே இல்லை. குழாயில் பெயர் எழுதிக்கொண்டு போய்விட்டான். அவன் திறந்த கதவு வழியாக லொரெய்ன் ஓடிவந்தாள்.

கட்டிலில் கண்கள் திறந்திருந்தன. அவை லொரெய்னைப் பார்க்கவில்லை. மாய் சீயைப் பார்த்தன.

"இருந்துக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு சிரித்தது.

லொரெய்ன் விம்மியபடி அதன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சன்னலில் ஓர் உள்ளங்கை மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது.