மாறிப்போன எடைச் சீட்டு

மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறுவதற்கு முன் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். செருப்பு... கைக்கடிகாரம்... கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டை... தலையில் குத்தியிருந்த கிளிப்பைக்கூட!

பின்னால் நின்றவனோ தன் பேன்ட் பைக்குள் ஒரு ஸ்பேனரைத் திணித்துக்கொண்டிருந்தான். அப்புறம் இன்னொன்று.

இருவர் கண்களும் சந்தித்தன. இருவருமே கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார்கள்.

“என்னங்க அது?”

“சைக்கிள் கடை வெச்சிருக்கேன். சாமான் எப்பவும் கூடவே இருக்கும்.”

“எடை பார்க்கிறப்பவுமா?”

“வாராவாரம் எங்கம்மாகிட்ட சீட்டு காட்டணுங்க. ஏறலைன்னா ஊட்டியே கொன்னுடுவாங்க. எல்லாரும் என்னைக் கம்பின்னுதான் கூப்பிடுறாங்க... அது சரி, அந்தக் கிளிப்பு என்ன அரைக் கிலோவா?”

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அவன் கண்கள் சிரித்துவிட்டன. என்ன கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

மெஷினில் ஏறி நின்றாள். அது உறுமியதே தவிர, சீட்டு வரவில்லை. “இருங்க, நான் பார்க்கிறேன்” என்று அவளை இறங்கச் சொல்லிவிட்டு, அவன் ஏறி ஒரு தட்டுத் தட்டினான். இரண்டு சீட்டும் சேர்ந்தே விழுந்தன. அந்த நேரம் பார்த்து மழையும் கொட்ட, அவன் நீட்டியதை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்... போன வாரத்தைவிட அதிகம்!

எப்படி? இந்த வாரம் ஏழு நாளும் மதியச் சாப்பாட்டைத் தெருநாய்க்குத்தானே போட்டாள்? சில மாதங்களுக்கு முன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய அக்கா, “பாதிப் போட்டோவ நீயே அடைச்சுட்டடி!” என்று விளையாட்டாகச் சொன்ன நாளில் ஆரம்பித்தது இது. இன்னும் எதைக் குறைப்பது? வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள் அவளுக்கே ஆடின. கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்தபடி வந்தான் கம்பி.

“உங்க கழுத்து அட்டையில கடை பேரு பார்த்தேன். சீட்டு மாறிப்போச்சுங்க... இதுதான் உங்களோடது.”

பறித்துப் பார்த்தாள். இதுவரை வந்ததிலேயே குறைந்த எண். ஜெயித்துவிட்டாள்! ஆனால் காகிதம் ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது?

“மழையில நனைஞ்சுதா?”

“இல்லங்க. எங்கம்மா அழுதுட்டாங்க.”

“எதுக்கு?”

“என் எடைன்னு நெனச்சு. பையனுக்கு என்னவோ வியாதின்னு ஒரே அழுகை. அப்புறம் ஸ்பேனர் கதைய ஒத்துக்கிட்டேன். அப்ப இது யாரோடதுன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணோடதுன்னேன்... அதுக்கப்புறமும் அழுகைய நிறுத்தல. அந்தப் பொண்ணு சாப்பிடுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் கொண்டாட வேண்டிய எண்ணுக்கு, முகம் தெரியாத ஒருத்தி எதற்கு அழ வேண்டும்? சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? கடைசியில் கோபம்தான் வந்தது.

“யாரோட பரிதாபமும் எனக்கு வேண்டாம். கிளம்புங்க!”

அவன் கதவு வரை போனான். திரும்பி வந்து, இரண்டு ஸ்பேனர்களையும் மேஜைமேல் வைத்தான்.

“இனிமே இது இல்லாமதான் ஏறுவேன். பொய் போதும்... அம்மா கேட்டது நெஜம். ஆனா நான் வந்தது எனக்காக. நேத்து உங்க கண்ணு ரொம்பச் சோர்ந்திருந்துச்சு. சிரிப்ப அடக்கினப்ப மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. அத மறுபடி பார்க்கணும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எதையும் கழட்ட வேண்டாம். அந்தக் கிளிப்போட சேர்த்துப் பிடிச்சிருக்கு.”

வெளியே மழை வலுத்தது. எனக்கும் பிடிச்சிருக்கு என்று சொல்வதா? போடா என்பதா? இத்தனை மாதமாக அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்லாத ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சீட்டு அவள் விரல்களுக்குள் இன்னும் கசங்கியது.

“எனக்கு...” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “எனக்குப் பசிக்குது.”