ரோட்டோரத்துப் பதில்

கிளீட் மான்குழலை ஊதி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அப்படி வராது. ஒரு எல்க் மான் கடா கத்தினால் இன்னொரு கடா அதை முழுசாகக் கேட்கும், கொஞ்ச நேரம் மூக்கை விடைத்துக்கொண்டு நிற்கும், ரோஷம் வந்தால் அப்புறம்தான் வாயைத் திறக்கும். இதுவோ, கிளீட்டின் குழலிலிருந்து கிளம்பிய சீழ்க்கை மேலே ஏறி உச்சியில் நிற்கிறபோதே வந்து ஒட்டிக்கொண்டு, அவனோடு கூடவே இறங்கி, அவன் நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்திக்கொண்டது.

"எங்கேர்ந்து மச்சான்?" என்று ராய்ஸ் கிசுகிசுத்தான்.

மர மில்லில் பெரிய ரம்பத்தின் பக்கத்தில் நின்று நின்று ராய்ஸின் இடது காது செத்துப்போயிருந்தது. ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடாது. கூப்பிட்டுப் பதில் வாங்கி, பதில் வந்த பக்கம் போய் அடிக்கிற வேட்டையில் அவன் ஒரு தண்டம். மில்லில் மற்றவர்கள் எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் கழற்றிவிட்டார்கள். பொண்டாட்டி ஜூனியின் அண்ணன் கிளீட் மட்டும்தான் வருஷம் தவறாமல் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு வருவான். காட்டில் ராய்ஸுக்குக் காது கிளீட்தான். அவன் இல்லாவிட்டால் ராய்ஸ் காட்டுப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கிளீட் குழலை ரோட்டுக்குக் கீழே நீட்டினான். அங்கே தேவதாரு மரங்கள் ஓடையை மூடிக்கொண்டு கருத்துக் கிடந்தன.

"கீழதான். ஆனா அது எல்க் இல்ல மாப்ள, மனுஷன்."

"எப்படிச் சொல்ற?"

"இந்த ரோட்டுல வாயத் திறக்கிற எல்க் மிச்சம் இருக்குங்கிறியா? சீசன் தொடங்குன நாள்லேர்ந்து எல்லாப் பயலும் வளைவுக்கு வளைவு வண்டிய நிறுத்தி ஊதிட்டுப் போறான். அதுங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு. ரோட்டோரத்துல பதில் சொன்னா அது நம்மள மாதிரி இன்னொரு கிறுக்கன்தான்."

அதைச் சோதித்துப் பார்க்க அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழலை எடுத்துச் சேவல் மாதிரி கூவ வேண்டும். எதிரே இருப்பது மானாக இருந்தால் மூச்சுக்காட்டாது. மனிதனாக இருந்தால் அவனும் நாயாகக் குரைத்தோ பன்னியாக உறுமியோ காட்டுவான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வேறு வேறு பக்கம் போய்விடுவார்கள். கிளீட் கன்னத்தை உப்பிக்கொண்டு கூவினான். கடைசியில் வழக்கம்போல இருமல் பிடித்துக்கொண்டது. சிகரெட்டு தின்ற நெஞ்சு.

கீழேயிருந்து சேவல் கூவியது. கூவி முடித்து, இருமியது.

கிளீட் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தியா! நம்ம மில்லுப் பயதான் எவனோ. என் இருமலையே நக்கல் பண்றான்."

ராய்ஸும் சிரித்தான். 

வண்டியை எடுத்தார்கள். மரலாரிகள் தேய்த்த அந்த மண் ரோடு மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. மேலே செங்குத்துச் சரிவு, கீழே ஓடைப்பள்ளம், சாயங்கால வெயில் எதிர்மலையின் உச்சியில் மட்டும் துருப்பிடித்த தகரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. புழுதியில் ராத்திரிப் பனி பட்டு உறைந்த பழைய டயர் தடங்கள்தான். மூன்று வளைவு தாண்டி நிறுத்தி, சத்தம் வராமல் கதவை இடுப்பால் அமுக்கிச் சாத்தினார்கள்.

கிளீட் நாக்குக்கு மேலே சீழ்க்கை எழுப்புகிற ரப்பர் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஊதினான். பாதியில் பதில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்புறம், யாரும் கேட்காமலே, சேவல். இருமல்.

"எங்கே?"

கிளீட்டின் குழல் ரோட்டுக்குக் கீழேயே நீண்டது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "அதே தூரம்."

"நாம வண்டியில வந்தோம். அவன் எதுல வந்தான்?"

"கீழ பழைய ரோடு இருக்கும். நாலு சக்கர ஸ்கூட்டர்ல வருவான், திருட்டுப் பய."

"எஞ்சின் சத்தம் கேட்டுதா உனக்கு?"

கிளீட் வில்லை எடுத்துத் தோளில் மாட்டினான். "போய் மூஞ்சியப் பார்த்துட்டு வர்றேன். வார லீவே ஒண்ணுதான், அதையும் கெடுக்கிறானுங்க."

"வேணாம் மச்சான். வா, வீட்டுக்குப் போயிரலாம்."

"ஏன், பேய் பிடிச்சுக்குமா? இரு, ஜூனிகிட்டச் சொல்றேன், உன் புருஷன் ட்ரக்குலயே மூத்திரம் போயிட்டான்னு."

"சொல்லு. வந்து ஏறிட்டுச் சொல்லு."

"இருட்டுறதுக்குள்ள வரலேன்னா ஹாரன் அடி." சரிவில் குதிகாலை ஊன்றி இறங்கினான். அவனுடைய தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் மரங்கள்.

ராய்ஸ் ட்ரக்கின் முன்பக்கம் சாய்ந்து நின்றான். எஞ்சின் ஆறுகிற டிக் டிக் சத்தம் அவனுடைய நல்ல காதில் விழுந்துகொண்டிருந்தது. காலில் அப்பிய புழுதியின் வாசனையும், நசுங்கிய ஊசியிலைகளின் பிசின் வாசனையும், பிளாஸ்கில் கசந்துபோன காப்பியின் வாசனையும் ஒன்றாகக் கலந்து நின்றன. வெயில் இறங்கியதும் மலைக்காற்று தண்ணீர் மாதிரி மேலேயிருந்து கீழே வழியத் தொடங்கிவிட்டது; பிடரியில் அந்தக் குளிர்ச்சி இறங்குவதை அவனால் உணர முடிந்தது. கீழே கிளீட் ஊதினான். பதில் வந்தது. கிளீட் ஊதினான். பதில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

அப்போது அந்த நாற்றம் வந்தது. பருவத்துக்கு வந்த கடாவின் நாற்றம். கழுவாத குதிரை லாயம் மாதிரி, மூத்திரமும் ஈரத்தோலும். ராய்ஸுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்தில்தான் நிற்கிறது.

அப்புறம் உறைத்தது.

காற்று மேலேயிருந்து கீழே போகிறது. ஓடையில் இருப்பதன் நாற்றம் ரோட்டுக்கு ஏறாது. இது அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே. சரிவில்.

மெல்லத் திரும்பினான். மரங்கள். மரங்களுக்கு நடுவே இருட்டு. ஒன்றும் அசையவில்லை.

காதால் பிடிக்க முடியாததை மூக்கு பிடித்திருந்தது. அப்படியானால் கீழே பதில் சொல்வது யார்?

கூப்பிட வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கூப்பிட்டால் தான் நிற்கிற இடம் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் கிளீட் ஊதிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு ஊதலிலும், இதோ இங்கே இருக்கிறேன், இதோ இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே. இத்தனை வருஷம் மானுக்குச் செய்ததை இப்போது எதுவோ கிளீட்டுக்குச் செய்கிறது.

ட்ரக்கில் ஏறினான். ஹாரனை அழுத்தினான். நீளமாக.

காடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.

ஒரு சேவல் கூவியது. இருமல். இன்னொரு சேவல் கூவியது. இருமல்.

எது எங்கே? ராய்ஸ் நல்ல காதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான். எல்லாம் அவனுடைய மண்டைக்குள்ளேயே கேட்டது.

கிளை முறிகிற சத்தம். ஏதோ உருண்டது. மூச்சு. அப்புறம் எதுவும் இல்லை. ரொம்ப நேரம்.

"மாப்ள!"

கிளீட்டின் குரல். உற்சாகமாக. "பெருசு ஒண்ணு விழுந்துருச்சு மாப்ள! கயிறு எடுத்துட்டு வா!"

ராய்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கயிற்றை அள்ளிக்கொண்டு இறங்கினான். ரோட்டு விளிம்புவரை ஓடினான். நின்றான்.

"எந்தப் பக்கம் மச்சான்?"

கிளீட்டாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பான். ராய்ஸ் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பான். உனக்கு இடது பக்கம்டா செவிட்டுப் பயலே, என்றிருப்பான்.

"பெருசு ஒண்ணு விழுந்துருச்சு மாப்ள! கயிறு எடுத்துட்டு வா!"

அதே சிரிப்பு. அதே இடத்தில் அதே மூச்சு.

கயிறு கையிலிருந்து நழுவியது. திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து ட்ரக்குக்கு வந்தான். கதவைத் திறந்தான். ஏறினான். விளக்கைப் போட்டான்.

வெளிச்சத்தில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நாலு காலில் கிளீட் ஏறி வந்தான். தொப்பி இல்லை. வில் இல்லை. குழல் இல்லை. முழங்கையெல்லாம் மண். ட்ரக்கின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து கண்ணாடி வழியாக ராய்ஸைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஓட்டு, என்றது உதடு. ஓட்டு, ஓட்டு.

வாயிலிருந்து வந்தது கடாவின் சீழ்க்கை. அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி, ஏறி, மனித நெஞ்சு தாங்காத உயரத்தில் நின்றது.

கிளீட் பயந்துபோனான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி முயற்சி செய்தான். மறுபடி அதே சீழ்க்கை.

காட்டுக்குள்ளிருந்து கிளீட் சிரித்தான்.

ராய்ஸ் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து அவனுடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டான். ஓட்டினான். வளைவுகள். புழுதி. சரளை ட்ரக்கின் அடிவயிற்றில் தெறித்தது. பக்கத்தில் கிளீட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். விரல் இடுக்கில் மெல்லிய சீழ்க்கை கசிந்துகொண்டே இருந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம். உயிரோடு இருக்கிறான், கொண்டுவந்துவிட்டேன் என்று ராய்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொண்டுவந்துவிட்டேன். கொண்டுவந்துவிட்டேன்.

தார் ரோடு வந்தது. ஊரின் விளக்குகள் வந்தன. வீட்டுக்குப் போகிற திருப்பம், தபால் பெட்டிகள், தூரத்தில் ஜூனி எரியவிட்டிருந்த வாசல் பல்பு.

கிளீட் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேண்டாம். வேண்டாம்.

ராய்ஸ் திருப்பவில்லை. வாசல் பல்பு பக்கவாட்டில் கடந்து போயிற்று.

முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கத்தில், மூச்சின் ஆவி வட்டமாகப் படர்ந்தது.

"திருப்பத்த விட்டுட்டியே, மாப்ள."