ஈரமான வெள்ளைக் கொடி

அன்று காலை வெள்ளைக் கொடி ஈரமாக இருந்தது.

முந்தின சாயங்காலம் இரண்டு கொடிகளையும் உதறிக் கொட்டகைச் சுவரில் மாட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவன் மணியன்தான். சிவப்புக் கொடி காய்ந்து மொடமொடவென்று தொங்க, பக்கத்திலிருந்த வெள்ளை மட்டும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகில் வைத்துப் பார்த்தான். பெட்ரோல் வாடை. கூரை ஒழுகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அய்யம்பாளையத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே, சண்டைக் காலத்தில் போட்ட சரளை ஓடுதளம் அது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று அங்கே நடந்துவந்தது. இரண்டு சின்ன விமானங்கள் இருந்தன, இப்போது ஒன்றுதான். தளத்து முனையிலிருந்த மண்மேட்டில் நின்று கொடி காட்டுவது மணியனின் வேலை. வெள்ளை காட்டினால் தளம் காலி, இறங்கலாம். சிவப்பென்றால் இன்னொரு சுற்று. ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பயிற்சியாளர் சேனாதிபதி ஒரு வழக்கம் வைத்திருந்தார். தளத்தில் மாடு நின்றாலும் வண்டி நின்றாலும் முதலில் வெள்ளையைக் காட்டிவிட வேண்டும். விமானம் வளைந்து வருவதற்குள் அப்புறப்படுத்திக்கொள்ளலாம். ஆறு வருஷம் அது பலித்தது.

போன ஐப்பசியில் பலிக்கவில்லை. மழைக்குப் பிறகு சரளையை அமுக்க மாடு கட்டி இழுக்கும் கல்லுருளை நடுத்தளத்தில் நின்றது. மேலே தனியாகப் பறந்தவன் குருநாதன், கொடைக்கானல்காரன், இருபது வயசு. மணியனை வாய் நிறைய அண்ணே என்பான். "நீங்க வெள்ளையக் காட்டுனா நான் கண்ண மூடிக்கிட்டு எறங்குவேண்ணே" என்று சிரிப்பான். அன்றைக்கும் சேனாதிபதி, "காட்டுடா வெள்ளைய, அதுக்குள்ள வெரசா ஓரங்கட்டிரலாம்" என்றார். மணியன் காட்டினான். மாடுகள் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. உருளை நின்ற இடத்திலேயே நின்றது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம், தான் சிவப்புதான் காட்டியதாக மணியன் சொன்னான். அப்படிச் சொன்னால் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகச் சேனாதிபதி வாக்குக் கொடுத்திருந்தார். குருநாதனின் அம்மா லீலா மலையிலிருந்து இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எம் பிள்ள செவப்பப் பாத்துட்டுமா எறங்குனான்?"

ஆமென்று மணியன் தலையாட்டினான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது.

நேற்று சேனாதிபதி ஒரு காகிதத்தை நீட்டினார். மார்கழி முடிந்ததும் கொடிக்காரன் தேவையில்லையாம். கீழே அவரே போட்ட கையெழுத்து. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே பாவி என்று மணியன் விடிய விடியப் புரண்டான். காலை வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சேனாதிபதியோடு தானும் கம்பி எண்ண நேர்ந்தாலும் சரி.

வெள்ளையைத் தொடப் பிடிக்காமல் கொட்டகையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். ஏழு மணிக்குச் சேனாதிபதி தனியாக விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. வேலி, கொட்டகை, தளத்தின் மறுமுனை என்று ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ஈரச் சரளையின் வாசனையும், எங்கோ மேலே தையல் மிஷின் ஓடுவதுபோல் வட்டமடிக்கும் என்ஜின் சத்தமும்தான் மிஞ்சின. மணியன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம், இருமி இருமி, விட்டுவிட்டு வந்தது.

இருப்பதோ ஒரே விமானம்.

காற்று லேசாக வீசிப் பனி விலகியது. நடுத்தளத்தில் கல்லுருளை நின்றது. ஐப்பசியிலிருந்து வேலியோரம் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்த உருளை. மணியன் சிவப்புக் கொடியை மேலேயிருந்து தெரியும்படி மேட்டில் ஊன்றிவிட்டு ஓடினான். பாவியானாலும் மேலே இருப்பது ஓர் உயிர். விமானம் உருளையில் மோதி நொறுங்கும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவனால் முடியாது.

மாடு இல்லை. தானே இழுக்க வேண்டியதுதான். மாடு பிடிக்கும் பழக்கத்தில், உருளையில் மிச்சமிருந்த கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான். உருளை அசையவில்லை. பெட்ரோல் வாடை அடித்தது. கயிறு நனைந்திருந்தது. இன்னும் இழுத்தான். கயிறு இறுகியது.

இரண்டாவது சத்தம் நின்றது. மேலே அல்ல. அருகில். தரையில்.

சரளையில் காலடி. மேட்டுப் பக்கம் போகிற காலடி.

கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். விரல் வழுக்கியது. அவிழவில்லை.

தலைக்கு மேலே சேனாதிபதியின் என்ஜின் தணிந்தது. இறங்க வருகிற சத்தம். சிவப்பு இருக்கிறதே. எப்படி இறங்குவார்?

திரும்பிப் பார்த்தான்.

சிவப்பு கீழே கிடந்தது. மேட்டில் ஒருவன் நின்றிருந்தான். தோல் தொப்பி. ஒரு பக்கத் தோள் உள்ளே அமுங்கியிருந்தது. மறு கையில் வெள்ளைக் கொடி. மணியன் முன்பு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முழங்கை மடங்காமல், தலைக்கு மேலே தூக்கி, நிதானமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கண்கள் மூடியிருந்தன.